முதலில் ஒரு கொப்பி: உதவி ஒருங்கிணைப்பு வேலைக்குப் புதிதாக வருபவருக்கு

2005 ஜனவரியில் இலங்கையின் கிழக்குக் கரையோரக் கச்சேரி ஒன்றின், அதாவது மாவட்டச் செயலகத்தின், திட்டமிடல் பிரிவில் எனக்கொரு மேசை இருந்தது. சுனாமி அடித்து மூன்று கிழமை. காலையில் போகும்போதே வராந்தாவில் பத்துப் பன்னிரண்டு பேர் நிற்பார்கள். ஒவ்வொருவர் கழுத்திலும் ஒரு நிறுவனத்தின் அட்டை. எல்லாருக்கும் ஒரே கோரிக்கைதான்: "எங்களுக்கு ஒரு கிராமம் தாருங்கள்."

நல்ல மனதோடு வந்தவர்கள் அவர்கள். ஆனால் எந்தக் கிராமத்துக்கு யார் ஏற்கெனவே போயிருக்கிறார் என்று சொல்ல எங்களிடம் ஒரு தாள்கூட இருக்கவில்லை. பிறகு கொழும்பில் வெளிநாட்டு உதவிக் கணக்குகளோடு பல வருடம் இருந்தேன். தொகை பெரிதாகி ஆட்கள் மாறினாலும் குறை அதேதான். நீங்கள் ஏதோ ஒரு நாட்டின் நிதி அமைச்சில், உதவி ஒருங்கிணைப்புப் பிரிவுக்குப் புதிதாகப் போகிறீர்கள் என்று வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

கூட்டம் கூட்டுவதற்கு முன் பட்டியல் போடுங்கள். கச்சேரியில் நான் தடித்த அட்டை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பியை எடுத்துக் கோடு கிழித்தேன்: கிராமம், குடும்பத் தலைவர், என்ன கொடுத்தது, யார் கொடுத்தது, திகதி. இரண்டு நாளில் அது உதவாது என்று தெரிந்தது. கணபதிப்பிள்ளை என்ற ஒரே பெயரை நிறுவனங்கள் ஆங்கிலத்தில் ஐந்து விதமாக எழுதியிருந்தன. அதனால் பெயரை விட்டு அடையாள அட்டை எண்ணுக்கு மாறினோம், ஒன்பது இலக்கமும் கடைசியில் ஒரு எழுத்தும். அட்டையைக் கடல் கொண்டுபோனவர்களுக்குக் கிராம சேவகரின் பதிவிலிருந்த வீட்டு எண்ணைப் போட்டோம். இரண்டு கிழமையில் படம் தெளிந்தது: ஒரே எண்ணுக்கு எதிரே மூன்று நிறுவனங்கள், பக்கத்து ஒழுங்கையில் ஒன்றுமே இல்லை. தேசிய மட்டத்திலும் இதே விதிதான். ஒவ்வொரு திட்டத்துக்கும் மாறாத ஓர் எண் கொடுங்கள். பெயரை நம்பாதீர்கள்.

அந்த எண்ணுக்கு எதிரே மூன்று தொகை இருக்க வேண்டும்: அறிவித்தது, கையெழுத்திட்டது, வந்து சேர்ந்தது. செய்தியாளர் மாநாட்டில் கேட்பது முதலாவது. ஒப்பந்தத்தில் இருப்பது இரண்டாவது. உங்கள் வரவுசெலவுத் திட்டத்துக்கு உதவுவது மூன்றாவது மட்டும்தான். ஐந்து வருடத்துக்கு 5 கோடி டொலர் என்று ஒரு நாடு அறிவிக்கும். முதல் வருடத்தில் வந்தது 30 இலட்சமாக இருக்கும். இதில் ஏமாற்று எதுவும் இல்லை, ஒப்பந்தம், கேள்விப்பத்திரம், ஆலோசகர் நியமனம் என்று காலம் போகிறது. ஆனால் மூன்றையும் ஒரே நிரலில் போட்டுக் கூட்டினால் உங்கள் அமைச்சர் பாராளுமன்றத்தில் பிழையான கணக்கைச் சொல்வார்.

வருடத்திலும் கவனம் வேண்டும். இலங்கையின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்குகிறது. ஜப்பானுக்கும் பிரித்தானியாவுக்கும் ஏப்ரல், அமெரிக்காவுக்கு ஒக்டோபர். "இந்த வருடம் எவ்வளவு?" என்று கேட்டால் ஒவ்வொருவரும் தங்கள் வருடத்தைச் சொல்வார்கள். காலாண்டாகக் கேளுங்கள். காலாண்டுக் கணக்கை உங்கள் நிதியாண்டுக்குள் நீங்களே அடுக்கிக்கொள்ளலாம்.

சரி, தகவலை உதவி தருபவர்கள் ஏன் உங்களுக்குத் தர வேண்டும்? பெரும்பாலான நாடுகள் தடுக்கி விழுவது இங்கேதான். கணினியில் அழகான தரவுத்தளம் செய்வார்கள், பயிற்சி வைப்பார்கள், ஆறு மாதத்தில் யாரும் எதையும் நிரப்பமாட்டார்கள். வேண்டுகோள் கடிதத்தால் இது நடக்காது. அவர்களுக்கு அரசிடமிருந்து தேவைப்படும் ஏதாவது ஒன்றோடு தகவலைக் கட்டிவிட வேண்டும்.

இதற்கு இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணத்தைப் பாருங்கள். அதே சுனாமியில் எங்களைவிடப் பல மடங்கு உயிர்களை இழந்த இடம். இந்தோனேசிய அரசு 2005 ஏப்ரலில் பி.ஆர்.ஆர். என்ற மீள்கட்டுமான முகமையை நான்கு வருடத்துக்கு மட்டும் என்று சொல்லி அமைத்தது, சொன்னபடி 2009 ஏப்ரலில் மூடியது. தலைவர் குந்தோரோ மங்குசுப்ரோதோ அமைச்சர் தரத்தில் நேரே ஜனாதிபதிக்குப் பொறுப்பானவர். தலைமையகம் ஜகார்த்தாவில் அல்ல, பாண்டா ஆச்சேயிலேயே இருந்தது. திட்டம் தொடங்குவதற்கு முன் ஒவ்வொரு நிறுவனமும் சுருக்கக் குறிப்பு கொடுத்து அங்கீகாரம் பெற வேண்டும். அதோடு விசா, வரி விலக்கு, சுங்க அனுமதி மூன்றையும் ஒரே அலுவலகத்துக்குள் கொண்டுவந்தார்கள். துறைமுகத்தில் கொள்கலன் நிற்கிறவர், வெளிநாட்டுப் பொறியியலாளரின் விசா முடியப்போகிறவர், இரண்டு பேருமே அந்தக் கதவைத் தட்டித்தான் ஆக வேண்டும். அந்த இடத்தில் உங்கள் படிவத்தை நீட்டுங்கள். தீர்வை விலக்குக் கடிதத்தில் திட்ட எண் இல்லையென்றால் கடிதம் இல்லை என்று ஒரு வரி சுற்றறிக்கை போதும். ஒன்று மட்டும்: பதிவு செய்தவருக்குக் கடிதம் இரண்டு மூன்று நாளில் கிடைக்க வேண்டும். நீங்கள் இழுத்தடித்தால் அவர்கள் வேறு அமைச்சரைத் தேடிப் போவார்கள், பட்டியலும் அதோடு முடிந்தது.

கதவு ஒன்றாகத்தான் இருக்க வேண்டும், அது நிதி அமைச்சில் இருக்க வேண்டும். சுகாதார அமைச்சு தனியாக, மாகாணம் தனியாக ஒப்பந்தம் போடத் தொடங்கினால், பிற்காலச் செலவு யார் தலையில் விழும் என்று யாரும் கேட்பதில்லை. நான் பார்த்த ஒரு கிராமிய வைத்தியசாலையில் நன்கொடையில் கட்டிய புது வார்டு இரண்டு வருடம் பூட்டிக் கிடந்தது. கட்டில்கள் பொலித்தீன் உறையோடு அப்படியே. தாதியர் பதவிக்குத் திறைசேரியிடம் ஒருவரும் அனுமதி கேட்டிருக்கவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு திட்ட முன்மொழிவிலும் நான் முதலில் புரட்டுவது ஆறாவது வருடத்தை. கொடையாளர் போன பிறகு சம்பளம், மின்சாரம், உதிரிப்பாகம் யார் கணக்கில்? பதில் எழுத்தில் இல்லாவிட்டால் கையெழுத்து இல்லை.

இனிக் கடினமான பகுதி. "வேண்டாம்" என்று சொல்லப் பழக வேண்டும். இதில் ருவாண்டா துணிந்தது. 2006இல் உதவிக் கொள்கை ஒன்றை அமைச்சரவையில் நிறைவேற்றி, வரவுசெலவுத் திட்டத்துக்கு நேரடியாகத் தருவதே தங்கள் முதல் விருப்பம், தனித் திட்டங்கள் கடைசி என்று எழுத்தில் வைத்தது. எல்லாரும் சுகாதாரத்தில் குவிந்து மற்றத் துறைகள் அனாதையாகக் கிடந்ததைப் பார்த்து, 2010இல் ஒரு கொடையாளருக்கு மூன்று துறைக்கு மேல் இல்லை என்று பங்கிட்டது. கொடையாளர்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்று அரசே வருடாவருடம் மதிப்பிட்டு அட்டவணையும் போட்டது. அரசின் செலவில் பெரிய பங்கு வெளியுதவியாக இருந்த காலத்தில் செய்தது இது. பணக்கார நாடுகளால்தான் மறுக்க முடியும் என்று உங்கள் மேலதிகாரி சொன்னால் இதைக் காட்டுங்கள்.

மறுக்கும்போது கையில் மாற்று இருக்கட்டும். "பாடசாலை வேண்டாம்" என்பது கதவைச் சாத்துவது. "இந்த மாவட்டத்தில் பாடசாலைக்கு நான்கு பேர் இருக்கிறார்கள், குளம் திருத்த ஒருவரும் இல்லை, திட்ட வரைபு இதோ" என்பது வேறு பேச்சு. அதற்குத் தயாரான திட்டங்கள் குறைந்தது பத்து உங்கள் அலுமாரியில் எப்போதும் இருக்க வேண்டும்.

தொகை சிறிது சிறிதாகப் பல இடத்திலிருந்து வரும்போது ஒரு பொதுப் பெட்டி உதவும். ஆச்சேயிலும் அருகிலுள்ள நியாஸ் தீவிலும் 15 கொடையாளர்கள் சேர்ந்து ஏறத்தாழ 65 கோடி டொலரை ஒரே நிதியத்தில் போட்டார்கள். உலக வங்கி பணத்தைப் பொறுப்பில் வைத்திருந்தது, ஆனால் தலைமை மேசையில் பி.ஆர்.ஆர். அமர்ந்திருந்தது. பெட்டி யாரிடம் இருந்தாலும் பரவாயில்லை, நாற்காலியை விடாதீர்கள்.

எந்த அமைப்பைத் தொடங்கினாலும் சட்ட அடித்தளத்தை முதலில் போடுங்கள். எங்கள் நாட்டில் வடகிழக்குக் கரையோரத்துக்கான சுனாமிப் பொதுக்கட்டமைப்பு, அதாவது அரசும் விடுதலைப் புலிகளும் சேர்ந்து உதவியை நிர்வகிக்கும் ஏற்பாடு, 2005 ஜூனில் கையெழுத்தானது. ஜூலையில் உயர்நீதிமன்ற இடைக்காலத் தடை வந்து அதன் முக்கிய பகுதிகள் நின்றன. கொட்டிலில் இருந்த சனத்துக்கு அந்த மாதங்கள் எவ்வளவு நீண்டவை என்று எனக்குத் தெரியும். சட்ட வரைஞரிடம் போகும் கிழமையைத் தாமதம் என்று நினைக்காதீர்கள்.

கூட்டங்கள் பற்றி அதிகம் சொல்ல இல்லை. தலைமை அரசுடையது, கொடையாளர் இணைத்தலைமை. ஆவணம் ஒரு கிழமை முன்பே போக வேண்டும், முடிவுகள் ஒரே பக்கத்தில் வர வேண்டும். வரவுசெலவுத் திட்டம் தயாரிக்கும் மாதங்களில் வெளிநாட்டுக் குழுக்களை வர விடாதீர்கள். தான்சானியா அப்படி அமைதிக் காலம் ஒன்றையே வைத்திருந்தது. நல்ல உத்தியோகத்தர்களைக் கூடிய சம்பளத்துக்குத் திட்ட அலுவலகங்கள் இழுத்துக்கொள்ளும், அதற்கு ஒப்பந்தத்திலேயே ஒரு சம்பள அளவு போட்டுவிடுங்கள்.

கடைசியாக, ஒவ்வொரு காலாண்டும் பட்டியலில் பத்து நிரைகளைக் கண்ணை மூடித் தெரிந்தெடுத்து நேரில் போய்ப் பாருங்கள். ஒருமுறை என் கொப்பியில் "வள்ளம் 60, வழங்கியாயிற்று" என்றிருந்த ஒரு கிராமத்துக்குப் போனேன். தென்னைகளுக்குக் கீழே இருபதுக்கு மேல் வள்ளங்கள் கவிழ்ந்து கிடந்தன. வயதான கடற்றொழிலாளி ஒருவர் ஒன்றைத் திருப்பி, பைபர் மூட்டில் பெருவிரலை வைத்து அழுத்தினார். மூட்டு விரிந்தது. "இதக் கடலுக்குள்ள கொண்டுபோனா நான் திரும்பி வரமாட்டன் பிள்ளை" என்றார். சிலருக்கு வள்ளம் வந்தது, இயந்திரம் வரவில்லை. சிலருக்கு வலை மட்டும். அன்று பின்னேரம் கச்சேரிக்கு வந்து கொப்பியில் இன்னொரு நிரல் கீறினேன்: பாவனையில் உள்ளது. உங்கள் தரவுத்தளத்திலும் வந்து சேர்ந்த தொகைக்குப் பக்கத்தில் அந்த நிரலைப் போட்டுவிடுங்கள்.