முதல் சுங்குடியை ஒரு கைக்குட்டையில் கட்டிப் பாருங்கள்

கைவேலை ஏதாவது பழகலாம் என்று தோன்றியதும் பலரும் முதலில் பையை எடுத்துக்கொண்டு கடைக்குத்தான் போகிறோம். நானும் சுங்குடி, அதாவது துணியில் புள்ளி புள்ளியாக முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்கி வெள்ளைப் புள்ளிகள் வரவைக்கும் வேலை, பழக ஆசைப்பட்டு மதுரை விளக்குத்தூண் கடைத்தெருப் பக்கம் போய் ஐந்தரை மீட்டர் துணியும் ஏழெட்டு நிறத்தில் சாயப்பொடியும் வாங்கி வந்தேன், ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சுப் போட வேண்டும் என்பது கட்டத் தொடங்கிய மூன்றாம் நாள்தான் உறைத்தது. அந்தத் துணி பாதி முடிச்சோடு பீரோவில் ஒன்றரை வருடம் கிடந்தது. அதனால்தான் புதிதாகத் தொடங்குகிறவர்களிடம் நான் விடாமல் சொல்வது: ஓரடிச் சதுரத் துணி, ஒரே ஒரு நிறம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, இவ்வளவு போதும்.

மதுரையில் இருக்கிறவர்களுக்குச் சுங்குடியைவிடப் பக்கத்தில் இருக்கும் கைவேலை வேறு கிடையாது. சௌராஷ்டிர மக்கள் இங்கே வந்து குடியேறி, திருமலை நாயக்கர் மகாலைச் சுற்றியுள்ள தெருக்களில் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த வேலை, 2005இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் இன்று சுங்குடி என்ற பெயரில் விற்பதில் நிறைய அச்சுத் துணிதான். கையால் கட்டிய புள்ளி சரியான வட்டமாக இருக்காது, நடுவில் கடுகளவு சாயம் ஏறியிருக்கும், புதுத்துணியாக இருந்தால் புள்ளியைச் சுற்றி லேசாகச் சுருங்கியும் இருக்கும். அடுத்த முறை சேலை வாங்கப் போகும்போது விரலால் தடவிப் பாருங்கள், ஒரு முறை கட்டிப் பார்த்தவர்களுக்கு அந்த வித்தியாசம் சட்டென்று தெரிந்துவிடும்.

சரி, துணி. சுத்தப் பருத்தியில் இதற்குப் போடும் சாயம் நன்றாகப் பிடிக்கும். ஒரு கடையில் காட்டன் என்று சொல்லிக் கொடுத்த துணியில் எனக்குச் சாயம் வெளிறிப்போய்த்தான் ஏறியது, பாலியஸ்டர் கலந்திருந்தது. ஓரத்திலிருந்து நாலு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டுங்கள், பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாடை வந்து சாம்பல் உதிரும், பாலியஸ்டர் உருகிக் கறுப்பு மணியாக இறுகிவிடும். பழைய மல் வேட்டி வீட்டில் இருந்தால் அதுதான் மிக நல்லது, பல தடவை துவைத்ததில் கஞ்சியெல்லாம் போயிருக்கும். புதுத்துணியென்றால் சோப்புப் போட்டு வெந்நீரில் அலசிக் காயவைத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

பென்சிலால் ஒரு அங்குல இடைவெளியில் புள்ளி வையுங்கள், கோலத்துக்கு வைப்பது போலத்தான், முதல் தடவைக்கு ஐந்துக்கு ஐந்து போதும். இனி முடிச்சு. புள்ளி இருக்கும் இடத்தை இடது கைக் கட்டைவிரல் நகத்துக்கும் ஆள்காட்டி விரல் நகத்துக்கும் நடுவில் மிளகளவு மட்டும் கிள்ளித் தூக்கி, மெல்லிய தையல் நூலை அதன் கழுத்தில் நாலைந்து சுற்று இறுக்கமாகச் சுற்றி, கடைசிச் சுற்றை ஒரு கண்ணியாக்கி மேலே மாட்டி இழுத்தால் நின்றுவிடும், நூலை வெட்டாமல் அப்படியே அடுத்த புள்ளிக்குப் போய்விடலாம். பக்கத்து வீட்டு அக்கா சிறுவயதில் கட்டியவர், அவர்தான் நகத்தைச் சற்று வளர்த்துக்கொண்டு வா என்றார், விரல் சதையால் பிடித்தால் துணி கூடுதலாக வந்து புள்ளி பெரிதாகிவிடுகிறது. முதல் பத்து முடிச்சும் அவிழத்தான் செய்யும். பதினைந்தாவதில் கை தானாகப் போகும்.

சாயக் கடையில் கேட்கும்போது, காட்டனுக்கு, சூடு பண்ணாமல் போடுகிற ரியாக்டிவ் சாயம் என்று சொல்லிக் கேளுங்கள். மஞ்சள்தூளில் முக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள், அழகாகத்தான் வரும், ஆனால் நாலு வெயிலுக்கும் இரண்டு துவைப்புக்கும் தாங்காது, அவ்வளவு முடிச்சுப் போட்ட பிறகு அது வெளிறுவதைப் பார்க்க மனது கேட்காது. இரண்டு கைக்குட்டைக்கு அரை லிட்டர் தண்ணீர், அரை டீஸ்பூன் சாயம், இரண்டு மேசைக்கரண்டி கல்லுப்பு. இளம் நிறம் வேண்டுமென்றால் கால் டீஸ்பூன் போதும். போர் தண்ணீர் வேண்டாம், அதன் கடினத்தன்மை நிறத்தை மங்கடித்துவிடும், குழாயில் வரும் வைகைத் தண்ணீரைப் பிடித்து வையுங்கள். கட்டிய துணியை வெறும் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்துப் பிழிந்து, சாயத்தில் போட்டு இருபது நிமிடம் அசைத்துக்கொண்டே இருங்கள், அப்புறம் துணியை வெளியே எடுத்துவிட்டு, ஒரு டீஸ்பூன் சலவைச் சோடாவைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்துச் சாயத்தில் ஊற்றிக் கலக்கி, துணியைத் திரும்பப் போட்டு ஒரு மணி நேரம் விடுங்கள். சாயம் நூலோடு கெட்டியாக ஒட்டுவது இந்தச் சோடா சேர்ந்த பிறகுதான், இதை விட்டுவிட்டால் எல்லாம் அலசலில் போய்விடும். ஆப்பசோடா வேறு, சலவைச் சோடா வேறு, மாற்றிப் போட்டுவிடாதீர்கள். கையுறை கட்டாயம், பொடியை அளக்கும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள், ஃபேனை நிறுத்திவிடுங்கள், இதற்கு எடுத்த பாத்திரத்தையும் கரண்டியையும் திரும்ப அடுப்படிக்குக் கொண்டுபோகவே கூடாது.

தண்ணீர் தெளியும்வரை அலசி, முடிச்சோடு நிழலில் காயவிடுங்கள். அவசரப்பட்டு ஈரத்தில் அவிழ்த்தால் முடிச்சுக்குள் நிற்கும் சாயம் வெள்ளையில் இறங்கிவிடும். நன்றாகக் காய்ந்த பிறகு துணியின் எதிரெதிர் மூலைகளைப் பிடித்து ஒரு இழு இழுத்தால் பட்பட்டென்று நூல் தெறித்து வெள்ளைப் புள்ளிகள் திறக்கும். அந்தச் சத்தத்துக்காகவே இன்னொன்று கட்டலாம் என்று எனக்கு ஒவ்வொரு முறையும் தோன்றுகிறது.

கட்டுங்கள், ஆனால் உடனே வேறு நிறம், வேறு டிசைன் என்று தாவாதீர்கள். அதே அளவு, அதே சாயத்தில் இன்னும் இரண்டு கைக்குட்டை செய்யுங்கள், ஒவ்வொன்றிலும் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். முதலில் சுற்றின் எண்ணிக்கை, அடுத்ததில் சாயத்தின் அளவு. எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றினால் எது எதனால் வந்தது என்று கடைசிவரை பிடிபடாது.

சுங்குடி மட்டுமில்லை, கேக் பழகுவதற்கும் இதேதான், சிறிதாகத் தொடங்கி ஒவ்வொன்றாக மாற்றுங்கள். ஓவன் வாங்க வேண்டாம், அடி கனமான பழைய இரும்புக் கடாயும் சரியாக மூடும் தட்டும் போதும். அடியில் ஒரு அங்குலம் கல்லுப்பு பரப்பி, மேலே ஸ்டாண்ட் வைத்து, மூடி, மிதமான தீயில் பத்து நிமிடம் சூடாக்குங்கள். ஒரு கப் மைதா, முக்கால் கப் பொடித்த சர்க்கரை, ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர், கால் டீஸ்பூன் ஆப்பசோடா சலித்து, அரை கப் தயிரும் கால் கப் எண்ணெயும் ஊற்றி, தோசைமாவைவிடச் சற்றுக் கெட்டியாக வரும்வரை பால் சேர்த்து, மாவு மறைந்ததும் கலக்குவதை நிறுத்திவிடுங்கள், அதற்கு மேல் கலக்கினால் கேக் ரப்பராகிவிடும். எண்ணெய் தடவிய ஆறு அங்குலத் தட்டில் ஊற்றிச் சிறுதீயில் நாற்பது நிமிடம். முதல் அரை மணி நேரம் திறக்காதீர்கள், நடு அமுங்கிவிடும். எங்கள் வீட்டில் முதல் கேக்கின் அடி கருகியது, இரண்டாவதில் தீயை மட்டும் குறைத்தேன், மூன்றாவதில் தயிரைப் புளிக்காததாக மாற்றினேன். மூன்றாவதை மாமியார் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அதிகச் செலவில்லாமல் பழக வேண்டுமா, மல்லிகை கட்டுங்கள். கோடையில் வரத்து அதிகமாக இருக்கும்போது சாயங்காலம் உதிரிப்பூ மலிவாகக் கிடைக்கும். வாழைநாரைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு, இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு மொட்டு வைத்துச் சுற்றி இறுக்க வேண்டும். ரொம்ப இறுக்கினால் காம்பு அறுந்துவிடும், தளர்த்தினால் உருவிவிடும், சுங்குடி முடிச்சுப் பழகிய விரலுக்கு அந்தப் பதம் ஒரு முழம் கட்டுவதற்குள் பிடிபட்டுவிடும்.