தாமதமாக ஆட்டிசம் தெரிந்தவர் டெல்டாவில் ஆதரவு அறை தொடங்க

முப்பதிலோ நாற்பதிலோ ஆட்டிசம் என்று உறுதியானவர்கள் பலருக்கு அடுத்த சில மாதங்களில் ஓர் எண்ணம் வரும்: நம்மைப் போன்றவர்களுக்கு நாமே ஏதாவது செய்யலாமே. நல்ல எண்ணம்தான். ஆனால் அந்தச் சூட்டோடு பலகை மாட்ட வேண்டாம், ஓராண்டு போகட்டும். பள்ளிக்கூட நாட்கள், விட்டுவந்த வேலைகள், பாதியில் எழுந்து வந்த கல்யாணங்கள் எல்லாவற்றுக்கும் புதுக் காரணம் தெரியவரும் காலம் அது. அப்போது எதிரே இருப்பவர் எதைச் சொன்னாலும் உங்கள் கதையாகவே கேட்கும், பார்க்கிறவரெல்லாம் ஆட்டிசமாகவே தெரிவார்கள்.

அந்த ஓராண்டில் செய்ய வேண்டிய முதல் வேலை, நீங்கள் எதைச் செய்யமாட்டீர்கள் என்று ஒரு பக்கம் எழுதுவது. மருத்துவ உளவியலாளர், சிறப்பாசிரியர், பேச்சுப் பயிற்சியாளர் போன்றோர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும் என்கிறது 1992-ம் ஆண்டுச் சட்டம். பதிவில்லாமல் அந்தத் தொழிலைச் செய்வது குற்றம். ஆகவே அந்தத் தகுதி இல்லாதவர் ஆட்டிசம் உண்டா இல்லையா என்று சொல்லக் கூடாது, சோதனை வைத்து மதிப்பெண் தரக் கூடாது, 'தெரபி' என்று பலகையில் எழுதக் கூடாது. மிச்சம் இருப்பதே நிறைய: அன்றாடத்தை மாற்றி அமைக்க உதவுவது, வீட்டாரிடம் பேசத் துணை நிற்பது, மருத்துவரிடம் போகத் தயார்செய்வது, வேலையிடத்தில் கேட்க வேண்டியதை எழுதித் தருவது.

'மையம்' என்று பெயர் வைக்கப் போகிறீர்கள் என்றால் இன்னொன்று உண்டு. மாற்றுத்திறனாளிகளுக்கான நிறுவனங்கள் பதிவுச் சான்று பெற வேண்டும் என்று 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்கிறது. அறைக்கு முன்பணம் கொடுக்கும் முன்பே மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனுவாகக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல் அலுவலர் மாறியதும் காணாமல் போகும். யாரையும் இரவு தங்க வைக்காதீர்கள். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இணையத்தில் இலவசம், அதற்குத் தரகருக்குப் பணம் தர வேண்டியதில்லை. சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை ஜி.எஸ்.டி. பதிவு பொதுவாகத் தேவைப்படாது.

அறை

இதில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர் எங்கானாலும் தேரோடும் வீதிகளை விட்டுவிடுங்கள். சாமி புறப்பாடு, வெடி, மேளம் எல்லாம் அந்த வழிதான். வாடகை பேசும் முன் காலை 6, நண்பகல் 12, மாலை 7 என மூன்று வேளையும் அறைக்குள் சும்மா கால் மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். கல்யாண மண்டபமோ அம்மன் கோயிலோ பக்கத்தில் இருந்தால் ஆடியிலும் தையிலும் அறை உதவாது. கூப்பிடு தூரத்தில் புழுங்கல் அரிசி ஆலை இருந்தால் ஊறிய நெல்லை அவிக்கும் வாடை நாள் முழுக்க வரும். பழகியவருக்கு அது தெரியாது, வாடை தாங்காதவருக்கு அங்கே பேச்சே ஓடாது.

அடுத்தது மின்விசிறி. மெதுவாக வைத்தால் ரீங்காரம் போடுவது பெரும்பாலும் திருகு மாதிரி தொடர்ச்சியாகச் சுழலும் மின்னணு ரெகுலேட்டர்தான். படிப்படியாகச் சொடுக்கும் கெப்பாசிட்டர் வகை ரெகுலேட்டருக்கு மாற்றினால் அது நிற்கும். வேகம் குறைந்து இழுத்து ஓடினால் விசிறியின் கெப்பாசிட்டர் போயிருக்கும். பழையதில் அச்சிட்டிருக்கும் அளவையே வாங்குங்கள், வீட்டு விசிறிகளில் பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபாரட். மின்வெட்டுக்கு இன்வெர்ட்டர் வாங்கும்போது சைன் வேவ் வகையே வேண்டும். விலை குறைவான ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் விசிறி உறுமும். சோக் போட்ட பழைய டியூப்லைட்டைக் கழற்றிவிட்டு 2700 முதல் 3000 கெல்வின் மஞ்சள் ஒளி எல்.இ.டி. போடுங்கள். சிமென்ட் தரை எதிரொலிக்கும். ஜமுக்காளமும் கனமான திரையும் போதும், ஒலித்தடுப்புப் பலகை வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம். ஊதுபத்தி, பினாயில், பாச்சை உருண்டை, மூன்றும் கூடாது.

நாற்காலிகளை நேருக்கு நேர் போடாதீர்கள். சாய்வாக, இருவருக்கும் ஜன்னல் தெரியும்படி. ஊஞ்சல் உள்ள பழைய வீடு கிடைத்தால் அதிர்ஷ்டம்: ஆடிக்கொண்டே பேசுவது பலருக்கு எளிது, நம் ஊரில் அதை யாரும் விசித்திரமாகப் பார்க்கவும் மாட்டார்கள். சங்கிலி கீச்சிடாமல் எண்ணெய் விடுங்கள், உத்தரக் கொக்கியைக் கொத்தனாரிடம் காட்டிவிடுங்கள். கனம் இருந்தால் அமைதி கொள்பவர்கள் மடியில் வைத்துக்கொள்ள 2 கிலோ பச்சைப் பயறு கட்டிய துணிப்பை ஒன்று.

வருகைக்கு முன்

போன் அழைப்பு வேண்டாம், முன்பதிவு எழுத்திலேயே இருக்கட்டும். மூன்று நாள் முன்னதாகத் தெருமுனை, வாசல், மாடிப்படி, அறை ஆகியவற்றின் படங்களையும், எந்தப் பேருந்து நிறுத்தம், எவ்வளவு நேரம், எவ்வளவு கட்டணம் என்பதையும் அனுப்புங்கள். "செருப்பை எங்கே விடுவது, யார் கதவைத் திறப்பார்" என்பதுவரை இருக்கட்டும். கூடவே ஒரு சிறு படிவம்: எந்த ஒலி, வெளிச்சம், வாசனை தொந்தரவு, பேசுவதா எழுதுவதா, எப்படி அழைக்க வேண்டும், வீட்டில் யாருக்குத் தெரியும், இந்த போனை வேறு யார் பார்ப்பார்கள்.

கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். ஒரே போனைக் குடும்பமே எடுக்கும் வீடுகள் இங்கு நிறைய. உங்கள் யு.பி.ஐ. கணக்கின் பெயரில் 'ஆட்டிசம்' என்று இருந்தால் கணவர் கையில் உள்ள வங்கிப் புத்தகத்தில் அது வந்து நிற்கும். தங்கைக்கு வரன் பார்க்கும் வீட்டில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பெயரைப் பொதுவாக வையுங்கள்.

வாரத்துக்கு நான்கு பேர் போதும். 45 நிமிடச் சந்திப்பு, நடுவே குறைந்தது 30 நிமிட இடைவெளி. இடைவெளி குறிப்பு எழுதுவதற்கு மட்டுமல்ல, உங்கள் புலன்கள் அடங்குவதற்கும்தான். ஐப்பசி, கார்த்திகையில் மழைக்கு வராமல் போவார்கள், சம்பா அறுவடையில் நேரம் மாற்றச் சொல்வார்கள். ரத்து விதியை முதலிலேயே எழுதிக் கொடுங்கள்: முந்தைய நாள் மாலைக்குள் சொன்னால் கட்டணம் இல்லை; மழை எச்சரிக்கை என்றால் எப்போது சொன்னாலும் இல்லை.

சந்திப்பில்

கண்ணைப் பார்த்துப் பேசப் பழக்குவது, கை ஆட்டுவதை நிறுத்துவது, 'நார்மலாக' நடந்துகொள்ளச் சொல்வது, இவை மூன்றும் இந்த அறையின் வேலை இல்லை. ஆட்டிசம் உள்ளவருக்கு மட்டும் மற்றவர் மனது புரியவில்லை என்பது பாதிக் கதை, புரியாமை இருபக்கமும் உண்டு என்று ஆட்டிசம் உள்ள ஆய்வாளர் டேமியன் மில்டன் 2012-ல் எழுதினார். மாமியாரிடம் விளக்கும்போது இந்தக் கருத்தே பெரிதும் உதவும். "அவள் மதிக்கவில்லை" என்பதை "ஒரே நேரத்தில் நாலு பேர் பேசினால் அவளுக்குக் காதில் எதுவும் பிரியாது, ஒருவர் சொன்னால் செய்துவிடுவாள்" என்று மாற்றிச் சொல்லிப் பாருங்கள். ஆனால் வயது வந்தவரின் அனுமதி இல்லாமல் வீட்டாரிடம் ஒரு சொல்லும் கூடாது, கட்டணம் அவர்கள் கொடுத்தாலும்.

இலக்கு சிறியதாக இருக்கட்டும். உதாரணம் கல்யாணம். முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே போய், மேளத்துக்கு எதிர்ப்பக்கம் வாசலோரமாக உட்கார்ந்து, காதடைப்பான் போட்டு, முதல் பந்தியில் சாப்பிட்டு, மொய் எழுதிவிட்டுக் கிளம்புவது. யார் வண்டி, எத்தனை மணிக்கு என்பது முந்தைய நாளே முடிவாக வேண்டும். 'முடியும்வரை இரு' என்று விட்டால்தான் குலைந்துபோகிறார்கள்.

மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் கேட்டு வருபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: அரசு மதிப்பீட்டில் பயன்படும் இந்திய அளவுகோலில் 40 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை, 70 வந்தால்தான் ஆட்டிசம் என்று கணக்கு. ஆட்டிசத்தின் அடையாளங்களை நன்றாக மறைத்துப் பழகிய பெரியவர்கள் அதற்குக் கீழே நிற்கலாம். ஆகவே மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவுக்குப் போகும்போது சிறுவயது நிகழ்வுகளை ஒரு பக்கத்தில் எழுதி, முடிந்தால் அம்மாவையோ அத்தையையோ அழைத்துப் போகச் சொல்லுங்கள்.

வலிப்பு, தூக்கமின்மை, மனச்சோர்வு எல்லாவற்றையும் ஆட்டிசத்தின் கணக்கில் எழுதிவிடுவது ஆதரவின் பெயரில் நடக்கும் மோசமான தவறு. அவற்றுக்கு மருத்துவர் வேண்டும். "சாக வேண்டும் என்று தோன்றுகிறதா" என்பதைச் சுற்றிவளைக்காமல் கேளுங்கள். 'மனசு எப்படி இருக்கு' என்றால் 'இருக்கு' என்றுதான் பதில் வரும். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, எந்நேரமும் எடுப்பார்கள். சுவரில் எழுதி வையுங்கள். ரகசியம் காப்பதன் எல்லையையும் முதல் நாளே சொல்லுங்கள்: உயிருக்கு ஆபத்து என்றால் இன்னொருவரிடம் சொல்வீர்கள், 18 வயதுக்குட்பட்டவருக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரியவந்தால், 2012-ம் ஆண்டு போக்சோ சட்டப்படி புகார் செய்தே ஆக வேண்டும்.

மாதம் ஒரு முறை பதிவுபெற்ற மருத்துவ உளவியலாளர் ஒருவரிடம், பெயர் சொல்லாமல், உங்கள் சந்திப்புகளைப் பற்றிப் பேசுங்கள். அதற்குக் காசு கொடுத்தே பேசுங்கள். இலவச உதவி மூன்றாம் மாதம் நின்றுபோகும். இரவு 8 மணிக்குமேல் செய்தி பார்ப்பதில்லை என்று தானியங்கிப் பதில் வையுங்கள். உங்களுக்கே முடியாமல் போனால் யார் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும், குறிப்பேடு உள்ள அலமாரிச் சாவி யாரிடம் என்பதை ஒரு தாளில் எழுதி, உறையில் போட்டு, அந்த உளவியலாளரிடமே கொடுத்து வையுங்கள்.