வேட்பாளரின் சாதியும் வாக்குப்பதிவும்: புதிதாகத் தேர்தல் செய்தி எழுதுவோர் தவிர்க்க வேண்டியவை

கடலூர் மாவட்டத்தில் தேர்தல் செய்தி எழுத வரும் பிள்ளைகள், எங்கள் காலத்தில் நாங்கள் இடறிய இடங்களிலேயே இடறுகிறார்கள். பெயரில் வரும் பிழையெல்லாம் பழகப் பழகச் சரியாகிவிடும். கீழே உள்ளவை அப்படிச் சரியாவதில்லை.

கேள்விப்பட்ட சாதி விழுக்காட்டை எழுதாதீர்கள்

"தொகுதியில் இந்தச் சாதி 40 விழுக்காடு, வேட்பாளரும் அதே சாதி, அதனால் வாக்குப்பதிவு கூடியது." இந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் இன்னமும் எரிச்சல் வருகிறது. அந்த 40 எங்கிருந்து வந்தது? 1931க்குப் பிறகு 2011 வரை நடந்த கணக்கெடுப்புகள் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் எண்ணிக்கையை மட்டுமே தனியாக வெளியிட்டன. வாக்காளர் பட்டியலில் சாதியே கிடையாது. பண்ருட்டிப் பக்கம் ஒருமுறை, ஒவ்வொரு சாதிச் சங்கமும் தங்கள் பலமென்று சொன்ன விழுக்காட்டைக் கூட்டிப் பார்த்தேன். நூறைத் தாண்டிப் போனது.

இதைச் சின்னப் பிழை என்று விட முடியாது. நாம் அச்சிட்ட எண்ணை வெட்டி வைத்துக்கொண்டு அடுத்த முறை சீட்டு கேட்கிறார்கள். தலைமையும் அதைப் பார்த்தே முடிவெடுக்கிறது. எண்ணிக்கையில் சிறிய சமூகத்தில் பிறந்து, ஊருக்காக ஓடியாடி உழைத்தவர் நேர்காணலோடு திரும்பி வருகிறார்.

அமெரிக்காவில் ஒபாமா நின்ற 2012 தேர்தலைக் காட்டி, அங்கே எந்த இனத்தவர் எத்தனை பேர் வாக்களித்தார்கள் என்று எழுதுகிறார்களே என்பார்கள். அந்த ஆண்டு கறுப்பினத்தவரில் 66.2 விழுக்காட்டினரும், ஹிஸ்பானியர் அல்லாத வெள்ளையரில் 64.1 விழுக்காட்டினரும் வாக்களித்ததாக அமெரிக்கக் கணக்கெடுப்புத் துறை சொன்னது. இனம் என்ன, வாக்களித்தீர்களா என்று மக்களிடமே கேட்டு எடுத்த கணக்கு அது. நம்மிடம் இருப்பது படிவம் 20. எந்த பூத்தில் யாருக்கு எத்தனை வாக்கு என்பது அதில் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு அந்த ஊருக்குப் போங்கள். ஊர்த்தெரு பூத், காலனி பூத் இரண்டையும் முந்தைய தேர்தலோடு ஒப்பிடுங்கள். அப்போதும் பூத்தைப் பற்றித்தான் எழுதலாம், தனி ஆளின் வாக்கைப் பற்றி அல்ல.

தனித்தொகுதியில் அதே வாதம்

திட்டக்குடி, காட்டுமன்னார்கோயிலில் நிற்கும் எல்லோருமே பட்டியல் சாதியினர். வேட்பாளரின் சாதியைக் காரணம் காட்டும் முன் கூட்டணியைப் பாருங்கள்.

நூலிழை முடிவுக்கு ஒரே காரணம்

2016இல் காட்டுமன்னார்கோயிலில் திருமாவளவன் 87 வாக்கில் தோற்றார். 87 வாக்குக்கு எந்தக் காரணத்தையும் பொருத்தலாம்.

பழியை வாக்காளர் மேல் போடுவது

பொதுத் தொகுதியில் பட்டியல் சாதியினரும் நிற்கலாம். பெரிய கட்சிகள் அரிதாகவே நிறுத்துகின்றன. "மக்கள் போட மாட்டார்கள்" என்று மாவட்டச் செயலாளர் சொன்னால், எந்தத் தேர்தலில் நிறுத்திப் பார்த்தீர்கள் என்று கேட்டு, பதிலை அப்படியே எழுதுங்கள்.