பஸ்கா இரவு: வீட்டில் சேடர் நடத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யூத நாட்காட்டியின்படி நிசான் மாதம் 15-ஆம் நாள் இரவில், அதாவது பெரும்பாலும் மார்ச் இறுதிக்கும் ஏப்ரல் இறுதிக்கும் இடைப்பட்ட ஓர் இரவில், பஸ்கா பண்டிகை தொடங்குகிறது. அன்றிரவு குடும்பத்தினர் மேசையைச் சுற்றி அமர்ந்து, எகிப்தில் அடிமைகளாயிருந்த முன்னோர் விடுதலை பெற்ற வரலாற்றை ஹகடா என்னும் நூலின் துணையோடு வாசித்து, கேள்வி கேட்டு, பாடி, உண்டு முடிக்கும் நிகழ்வுக்குச் சேடர் என்று பெயர். இஸ்ரேலில் இது ஓர் இரவு மட்டுமே நடக்கும். பிற நாடுகளில் வாழும் மரபுவழி யூதர்கள் அடுத்த இரவும் நடத்துவார்கள். சேடருக்குப் பதினைந்து படிகள் உண்டு. அவற்றுள் விருந்து பதினோராவது படியாகத்தான் வருகிறது. முதன்முறையாக வீட்டில் சேடர் நடத்துவோர் செய்யும் பிழைகளில் பல, முதலில் வரும் பத்துப் படிகளையும் விருந்துக்கு முந்தைய சிறு சடங்கென்று எண்ணிச் சமையலைத் திட்டமிடுவதால் நேர்பவை.

காத்திருக்க முடியாத சமையல்

இருட்டிய பின்னரே சேடரைத் தொடங்கும் வீடுகளில் இரவு எட்டு மணிக்கு மேல்தான் முதல் கிண்ணத் திராட்சரசம் ஊற்றப்படுகிறது. அதன் பிறகு விடுதலை வரலாற்றைச் சொல்லும் நீண்ட பகுதி முடிந்து சூப்பு மேசைக்கு வருவதற்குள் ஒன்றரை மணி நேரமோ இரண்டு மணி நேரமோ கடந்துவிடும். பிள்ளைகள் கூடுதலாகக் கேள்வி கேட்டால் இன்னும் நீளும். கேட்க வேண்டும் என்பதே அந்த இரவின் நோக்கம். ஆகவே, அடுப்பிலிருந்து இறக்கிய கையோடு பரிமாறினால்தான் சுவைக்கும் பண்டங்களைத் தேர்ந்தெடுப்பது முதல் தவறு. பொரித்த மீனும் மொறுமொறுப்பான காய்கறியும் இரண்டு மணி நேரம் காத்திருக்காது; அவற்றைக் காப்பாற்றுவதற்காக வீட்டுக்காரர் கதைக்கு நடுவே எழுந்து எழுந்து சமையலறைக்கு ஓடினால், மேசையில் வாசிப்பு அறுந்துபோகும்.

கிழக்கு ஐரோப்பிய மரபினரான அஷ்கநாசி வீடுகளில் பிரிஸ்கெட் எனப்படும் மாட்டின் மார்பு இறைச்சி இந்த இரவுக்கு நிலைபெற்றதற்கு ஒரு காரணம், அது காத்திருக்கும் என்பதே. இதிலும் ஒரு பிழை வழக்கமாக நேர்கிறது: பண்டிகை அன்று காலையில் அதைச் சமைத்து, சூடாக இருக்கும்போதே வெட்டுவது. சூடான பிரிஸ்கெட் கத்தி பட்டதும் நார்நாராகப் பிரிந்துவிடும். ஒரு நாள் முன்னதாகவே வெங்காயமும் திராட்சரசமும் சேர்த்து, மூடிய பாத்திரத்தில், குறைந்த வெப்பத்தில் மூன்று நான்கு மணி நேரம் வேகவைத்து, இரவு முழுவதும் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும். மறுநாள் மேலே உறைந்து நிற்கும் கொழுப்பை வழித்தெடுத்துவிட்டு, இறைச்சியின் நாருக்குக் குறுக்காக மெல்லிய துண்டுகளாக வெட்டி, அதன் குழம்பிலேயே மூடிச் சூடாக்கினால், மணி பத்தானாலும் பதினொன்றானாலும் அது கெடாது.

மட்சா என்னும் புளிக்காத அப்பத்தைப் பொடித்த மாவில் செய்து கோழிச் சூப்பில் மிதக்கவிடும் உருண்டைகள் கல்லாகிப் போவதற்குப் பெரும்பாலும் அவசரமே காரணம். பிசைந்த கலவையைக் குறைந்தது அரை மணி நேரமாவது குளிர்சாதனப் பெட்டியில் ஓய்வெடுக்கவிட வேண்டும். ஈரக் கையால் அழுத்தாமல் உருட்ட வேண்டும். உருண்டை வெந்து பெருகும் என்பதால் சிறிதாகவே பிடிக்க வேண்டும். கொதிக்கும் உப்பு நீரில் இட்டுத் தீயைக் குறைத்து, முப்பது நாற்பது நிமிடம் மூடியைத் திறக்காமல் வேகவிட வேண்டும். சூப்பிலேயே வேகவைத்தால் சூப்பு கலங்குவதோடு பாதி சூப்பை உருண்டைகளே குடித்துவிடும். ஆனால் ஹசீத்கள் என்னும் தீவிரப் பக்திப் பிரிவினரில் பலர் மட்சா நீரில் நனைவதையே தவிர்ப்பவர்கள். அவர்கள் விருந்தினராக வந்தால் இந்த உருண்டை அவர்களுக்கு உதவாது.

நேரக் கணக்கில் இன்னொரு சிக்கலும் உண்டு. மரபைக் கடைப்பிடிக்கும் வீட்டில், பண்டிகை நாளில் ஏற்கெனவே எரியும் தீயில் சமைக்கலாம். புதிதாகத் தீ மூட்டக் கூடாது. அதனால் மாலையில் பண்டிகை தொடங்கும் முன்பே அடுப்போ சூடேற்றும் தட்டோ இயங்கிக்கொண்டிருக்க வேண்டும். சேடர் சனிக்கிழமை இரவில் வந்தால், 2021-இலும் 2025-இலும் நேர்ந்ததுபோல், நிலைமை மேலும் இறுகும்: ஓய்வுநாளான சனிக்கிழமை பகலில் இரவுக்கென்று எந்த ஆயத்தமும் செய்யக் கூடாது என்பதால், வெள்ளிக்கிழமை மாலைக்குள்ளேயே எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டியிருக்கும்.

ஆட்டிறைச்சியைச் சுட்டு வைப்பது

நல்லெண்ணத்தோடு செய்யப்படும் தவறு இது. யாத்திராகமத்தின் 12-ஆம் அதிகாரத்தை வாசித்தவர்கள், நெருப்பில் சுட்ட ஆட்டுக்குட்டிதான் பஸ்கா உணவு என்று எண்ணுவதில் வியப்பில்லை. தமிழ்க் கிறிஸ்தவ வாசகர்களும் அப்படியே எண்ணியிருப்பார்கள். ஆனால் எருசலேம் தேவாலயத்தை கி.பி. 70-இல் ரோமர் அழித்த பின் யூதர்களிடையே பஸ்காப் பலி நின்றுபோனது. பலியில்லாத காலத்தில் சுட்ட இறைச்சியை அன்றிரவு உண்டால் அது பலியிறைச்சி போலத் தோன்றிவிடும் என்பதால், அஷ்கநாசிகள் அதை அறவே தவிர்க்கிறார்கள். கோழியைக்கூட நீரோ குழம்போ சேர்த்தே வேகவைப்பார்கள். இந்த வழக்கம் ஊருக்கு ஊர் மாறுபடும் என்று பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவே குறிப்பிடுகிறது. ஆகவே யாருடைய மரபில் நடக்கும் சேடர் என்பதைக் கேட்டறியாமல் ஆட்டுக்காலை அடுப்பில் சுடுவது நல்லதல்ல. சடங்குப் பொருட்களை அடுக்கிவைக்கும் சேடர் தட்டில் உள்ள சுட்ட எலும்பு பலியின் நினைவாக வைக்கப்படுவது மட்டுமே. அதை யாரும் உண்பதில்லை.

சைவ உணவு உண்போர் எலும்புக்குப் பதிலாகச் சுட்ட பீட்ரூட்டை வைப்பது நவீன காலத்துக் கண்டுபிடிப்பு என்று சிலர் முகம் சுளிப்பதுண்டு. ஆனால் பஸ்கா மேசையில் வைக்க வேண்டிய இரண்டு சமைத்த பண்டங்களாகப் பீட்டும் சோறும் போதும் என்று ரப் ஹூனா என்னும் அறிஞர் சொன்னதாக, மிஷ்னாவை விளக்கி விவாதிக்கும் தல்மூதிலேயே இருக்கிறது. அதே தட்டில் வைக்கும் முட்டையைப் பச்சையாகவே அடுப்பில் சுட முயன்றால் வெடித்துச் சிதறும். முதலில் அவித்துவிட்டு, பிறகு ஓடு கருகும்வரை தீயில் காட்டினால் போதும்.

முத்திரையைப் பார்க்காமல் வாங்குவது

கோதுமை, வாற்கோதுமை, ரை, ஓட்ஸ், ஸ்பெல்ட் ஆகிய ஐந்து தானியங்களின் மாவு நீர் பட்டுப் புளித்தால் அது ஹமேட்ஸ். பஸ்கா நாட்களில் அதை உண்பது மட்டுமல்ல, வீட்டில் வைத்திருப்பதும் கூடாது. மாவில் நீர் சேர்ந்ததிலிருந்து பதினெட்டு நிமிடத்துக்குள் சுட்டெடுத்ததே மட்சா. ஆனால் மட்சா என்று எழுதிய பெட்டியெல்லாம் பஸ்காவுக்கு உரியது அல்ல. ஆண்டு முழுவதும் விற்கும் மட்சாவில் பஸ்காவுக்கான மேற்பார்வை இல்லாதிருக்கலாம். யூத உணவு விதிக்கு உகந்தது என்று காட்டும் சாதாரணக் கோஷர் முத்திரை இருந்தால் மட்டும் போதாது, பஸ்காவுக்குரிய கோஷர் என்று தனியாகக் குறிப்பிட்டிருக்க வேண்டும். முட்டையும் பழச்சாறும் சேர்த்த மட்சா சுவையாக இருந்தாலும் சேடரின் கட்டளையை நிறைவேற்ற அது ஏற்றதல்ல, ஏனெனில் அந்த இரவுக்கு வேண்டியது மாவும் நீரும் மட்டுமே கொண்ட ஏழையின் அப்பம்.

மட்சாவையும் இறைச்சியையும் கவனமாக வாங்கியவர்களும் சிறு பொருட்களில் தவறிவிடுவார்கள். பொடித்த சர்க்கரையிலும் பேக்கிங் பவுடரிலும் சோளமாவு கலந்திருக்கலாம். வெனிலா எசென்ஸில் தானியச் சாராயம் இருக்கலாம். யூத உணவு விதி இறைச்சியையும் பால்பொருளையும் சேர்க்க விடாது; இது இறைச்சி விருந்து என்பதால் வெண்ணெயும் கிரீமும் எந்தப் பண்டத்திலும் சேரக் கூடாது, இனிப்பு உட்பட. அமெரிக்காவில் யூத நண்பர் வீட்டுச் சேடருக்கு அழைக்கப்படும் தமிழர்கள் வீட்டிலிருந்து சமைத்து எடுத்துச்செல்லாமல் இருப்பதே மரியாதை: நம் கடைகளில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருப்பது வழக்கம். விஸ்கியும் பீரும் வாற்கோதுமையிலிருந்து வருபவை என்பதால் அவற்றையும் பரிசாகக் கொண்டுபோகக் கூடாது. பூங்கொத்து யாரையும் சங்கடப்படுத்தாது.

அரிசி, பருப்பு, சோளம், பயறு ஆகியவை கிட்னியோட் என்னும் தனி வகை. அஷ்கநாசிகள் பல நூற்றாண்டுகளாகப் பஸ்காவில் இவற்றைத் தவிர்த்து வந்திருக்கிறார்கள்; ஸ்பெயின், போர்ச்சுகல் மரபினரான செபார்டிகளும் மத்தியக் கிழக்கு யூதர்களும் பெரும்பாலும் உண்கிறார்கள். 2015-இல் அமெரிக்காவின் கன்சர்வேட்டிவ் இயக்கம் என்னும் யூத சமயப் பிரிவின் சட்டக் குழு அஷ்கநாசிகளும் இவற்றை உண்ணலாம் என்று அனுமதித்தது. ஆனால் மரபுவழி அஷ்கநாசிகள் இன்றும் உண்பதில்லை. சம்பந்தி வீடுகள் இரண்டும் வெவ்வேறு மரபைச் சேர்ந்தவையாக இருந்தால், இதைப் பற்றி வாரங்களுக்கு முன்பே பேசிவிடாமல் மேசையில் சோற்றைக் கண்டபின் விவாதிப்பது அந்த இரவைக் கெடுத்துவிடும்.

வீட்டைச் சுத்தம் செய்வதிலும் அளவு தவறுகிறது. ஹமேட்ஸ் தேடுவதும் ஆண்டுக்கொரு முறை வீட்டைக் கழுவுவதும் ஒன்றல்ல. தூசி ஹமேட்ஸ் அல்ல; திரைச்சீலையைத் துவைக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் கேட்கவில்லை. சமையலறை, சாப்பிடும் இடம், பிள்ளைகள் பிஸ்கட் கொண்டு அலையும் அறைகள், கைப்பைகள், கார் ஆகியவற்றில் கவனத்தைச் செலுத்தி மற்றதை விட்டுவிட்டால், சேடர் இரவில் வீட்டுப் பெண்கள் நாற்காலியிலேயே தூங்கிவிழ நேராது. பல வீடுகளில் ஜன்னல் துடைக்கும் வேலை அவர்கள் தலையில்தான் விழுகிறது என்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மேசையில் நேரும் பிழைகள்

அன்றிரவு ஒவ்வொருவரும் நான்கு கிண்ணம் திராட்சரசம் பருக வேண்டும், ஒவ்வொரு கிண்ணத்திலும் பெரும்பகுதியையாவது. அழகுக்காகப் பெரிய கோப்பைகளை அடுக்கினால் உணவு வருமுன்னே வெறும் வயிற்றில் தலை சுற்றும். குறைந்தபட்ச அளவு 86 மில்லிலிட்டர் என்று ஒரு சாராரும் 150 மில்லிலிட்டர் என்று மற்றொரு சாராரும் கணக்கிடுகிறார்கள். ஏறக்குறைய 100 மில்லிலிட்டர் கொள்ளும் சிறு கிண்ணம் வைத்தால், 750 மில்லிலிட்டர் புட்டி ஒன்று இருவருக்கும் போதாமல் சற்றே குறையும். அதற்கேற்ப வாங்கிவைக்க வேண்டும். பிள்ளைகளுக்கும் மது அருந்தாதவர்களுக்கும் திராட்சைச் சாறு ஏற்றது. அதேபோல், மேசைத் தலைவரின் முன் வைக்கும் மூன்று மட்சாக்கள் எல்லோருக்கும் போதும் என்று எண்ணுவதும் பிழை. மட்சா மூன்று இடங்களில் உண்ணப்படுவதால் தனிப் பெட்டிகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

சேடரில் உண்ண வேண்டிய கசப்புக் கீரைக்காகக் கடையில் பீட்ரூட்டும் வினிகரும் கலந்து புட்டியில் விற்கும் ஹார்ஸ்ராடிஷை வாங்கிவைக்கிறார்கள். மீனுக்குத் தொட்டுக்கொள்ள அது மிக நன்று. ஆனால் வினிகரில் ஊறியதைக் கசப்புக் கீரையாக ஏற்பதில்லை. மிஷ்னா முதலில் சொல்வது லெட்டூஸையே. நீண்ட இலைகள் கொண்ட ரோமெய்ன் வகையைப் பூச்சியில்லாமல் கழுவி உலர்த்திவைத்தால் போதும். ஹார்ஸ்ராடிஷ் வேரையே விரும்புவோர் அதைத் துருவியதும் மூடிவைக்க வேண்டும். திறந்து வைத்தால் காரம் பறந்துவிடும். கசப்புக் கீரையைத் தொட்டெடுக்கும் ஹரோசெட் அஷ்கநாசி வீட்டில் ஆப்பிள், வால்நட், பட்டை, திராட்சரசம் சேர்ந்தது. ஈராக் யூதர் வீட்டில் பேரீச்சம் பாகும் வால்நட்டும். கொட்டைப் பருப்பு ஒவ்வாதவர் யாரேனும் வருகிறார்களா என்று கேட்காமல் இதைச் செய்வது ஆபத்து. கோதுமைப் பசையம் ஒவ்வாதவர்களுக்கு ஓட்ஸ் மட்சா கிடைக்கிறது.

பசி பொறுக்காத விருந்தினரை நினைத்து வாசிப்பைப் பாதியில் வெட்டிவிடுவதைவிட, பிற்பகலிலேயே பிள்ளைகளுக்கு நன்றாக உணவளித்துச் சற்று உறங்கவைப்பது நல்லது. சமய விதியில் அத்தனை கண்டிப்பில்லாத குடும்பங்கள், தொடக்கத்தில் உப்பு நீரில் தோய்த்துண்ணும் பார்ஸ்லியோடு அவித்த உருளைக்கிழங்கு, செலரி போன்றவற்றைத் தாராளமாக வைத்துப் பசியாற்றுகின்றன. கண்டிப்பான வீடுகளில் அந்தப் படியில் ஓர் ஒலிவப் பழத்தின் அளவுக்குக் குறைவாகவே உண்பார்கள். பிள்ளைகள் தூங்காமலிருந்து கேள்வி கேட்பதற்காக ரபி அகீவா பஸ்கா மாலையில் அவர்களுக்கு வறுத்த தானியமும் கொட்டைகளும் பகிர்ந்ததாகத் தல்மூத் சொல்கிறது.

ஒவ்வொருவர் கையிலும் ஒவ்வொரு பதிப்பு ஹகடா இருந்தால், எந்தப் பக்கம் என்று கேட்பதிலேயே இரவு போய்விடும். மேக்ஸ்வெல் ஹவுஸ் காப்பி நிறுவனம் 1932 முதல் இலவசமாக வழங்கிவரும் ஹகடா அமெரிக்க வீடுகளில் பரவியதற்கு, எல்லோருக்கும் ஒரே புத்தகம் எளிதில் கிடைத்ததும் ஒரு காரணம். ஒருவரே முழுவதையும் வாசிப்பதும் சலிப்பூட்டும். யார் எந்தப் பகுதி என்று முன்கூட்டியே பகிர்ந்து, எபிரேயம் தெரியாதவர்களுக்குத் தெரிந்த மொழியில் வாசிக்கக் கொடுக்க வேண்டும். பத்து வாதைகளைச் சொல்லும்போது கிண்ணத்திலிருந்து சொட்டும் திராட்சரசத்துக்கு ஒவ்வொருவர் முன்னும் ஒரு சிறு தட்டு வைக்காவிட்டால் வெள்ளை மேசைவிரிப்பு வீணாகும்.

கடைசிப் பிழை இனிப்பை வைக்கும் நேரத்தில் நேர்கிறது. சேடரின் தொடக்கத்தில் உடைத்து மறைத்துவைத்த அஃபிகோமன் என்னும் மட்சாத் துண்டை, நள்ளிரவுக்கு முன், விருந்தின் இறுதியில் உண்ண வேண்டும். அதன் பிறகு எஞ்சிய இரண்டு கிண்ணத் திராட்சரசமும் நீரும் தவிர எதுவும் வாயில் போகக் கூடாது. ஆகவே கேக்கும் பழமும் அதற்கு முன்பே வந்தாக வேண்டும். பிள்ளைகள் அதை ஒளித்துவைத்துப் பரிசு பேரம் பேசும் வீடுகளில் பதினொன்றரை மணிவரை பேரம் நீள்வதுண்டு. முன்னதாகவே ஒரு நேரம் குறித்துவிட வேண்டும். துண்டு எங்கே ஒளிந்தது என்று பிள்ளைக்கே மறந்துபோனால் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. பெட்டியிலிருந்து வேறொரு மட்சாவை எடுத்துக்கொண்டு, உணவுக்குப் பிந்தைய நன்றி செபத்துக்கு மூன்றாம் கிண்ணத்தை ஊற்றலாம்.