தார்ச்சாலைக்கும் மண்பாதைக்கும் ஒரே சைக்கிளா? மட்கார்டு பொருத்துவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தார்ச்சாலையில் மட்டும் ஓடும் சைக்கிளுக்கு மட்கார்டு மாட்டுவது பெரிய வேலை இல்லை. டயரை ஒட்டி எவ்வளவு நெருக்கமாக நிற்கிறதோ, அவ்வளவு நன்றாகத் தண்ணீரைத் தடுக்கும். பார்க்கவும் அழகாக இருக்கும். அதே சைக்கிள் மண்பாதையில் இறங்கியதும் அந்த நெருக்கமே வினையாகிறது. சரளைக்கல், குச்சி, காய்ந்த கொடி, களிமண் எல்லாம் டயரோடு சேர்ந்து மேலே ஏறும். ஏறியது வெளியே போக வழி இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.

சாலைக்கு டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே 8 முதல் 10 மி.மீ. இடைவெளி போதும். மண்பாதைக்கும் போவதென்றால் 15 மி.மீ.க்குக் குறையக் கூடாது. 20 இருந்தால் நிம்மதி. பலர் கண்ணுக்குத் தெரியும் பக்கத்தில் மட்டும் அளந்துவிட்டு விடுகிறார்கள். உண்மையில் குறுகலான இடங்கள் ஒளிந்திருக்கும்: முன்னால் ஃபோர்க்கின் (முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவட்டை) தலைப்பகுதிக்கு அடியில், பின்னால் சீட்டுக்குக் கீழே இரு குழாய்களையும் இணைக்கும் குறுக்குத் துண்டில், பெடல் அச்சுக்குப் பின்னால் இருக்கும் இன்னொரு குறுக்குத் துண்டில். 15 மி.மீ. தடிமனுள்ள ஒரு மரத்துண்டை இந்த மூன்று இடங்களிலும் நுழைத்துப் பாருங்கள். சிக்கினால் இடம் போதாது.

இடைவெளி எந்தப் பக்கம் குறுகுகிறது என்பதும் முக்கியம். சக்கரம் முன்னோக்கி உருளும்போது, டயரில் ஒட்டியது மட்கார்டின் பின்நுனி வழியாக உள்ளே நுழைந்து, மேலே ஏறி, முன்நுனி வழியாக வெளியேறும். ஆகவே நுழையும் இடத்தைவிட வெளியேறும் இடம் அகலமாக இருக்க வேண்டும். பின்நுனியைத் தூக்கி வைத்து, ஃபோர்க் தலையடியில் நெருக்கிவிட்டால் உள்ளே வந்த கல் அங்கேயே ஆப்பு வைத்ததுபோல் இறுகும்.

டயரை மாற்றிவிட்டு மட்கார்டை அப்படியே விடுவது அடுத்த தவறு. 700×28 டயரின் (28 என்பது மி.மீ.யில் அகலம்) வெளிவிட்டம் ஏறக்குறைய 678 மி.மீ.; 700×40 டயருக்கு அது 702. விட்டத்தில் 24 கூடினால் ஆரத்தில் 12 கூடுகிறது. முன்பு 15 மி.மீ. இருந்த இடைவெளி இப்போது வெறும் 3. டயரின் புடைப்புகள் உயரமாக இருந்தால் அந்த மூன்றும் மிஞ்சாது. 650பி என்னும் சற்றுச் சிறிய ரிம்மில் 47 மி.மீ. அகல டயர் போடுபவர்களுக்கு உயரத்தில் சிக்கல் வராது, அதுவும் 678தான். ஆனால் அகலம் இடிக்கும். பொதுவாக டயரைவிட மட்கார்டு குறைந்தது 10 மி.மீ. அகலமாக இருக்க வேண்டும்: 35க்கு 45, 40க்கு 50. டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட எண்ணை நம்பாதீர்கள். அகலமான ரிம்மில் டயர் விரியும், அதனால் காற்றடித்த பிறகு அளவுகோல் வைத்துப் பாருங்கள்.

இவற்றில் எதைத் தவறவிட்டாலும் பெரும்பாலும் சத்தமும் சலிப்பும்தான் மிஞ்சும். முன்சக்கரத்தில் செய்யும் தவறு அப்படியல்ல, ஆளையே கவிழ்த்துவிடும். ஒரு குச்சி டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே மாட்டினால், சக்கரம் அதை இழுத்துக்கொண்டு மேலே போகும். மட்கார்டும் கூடவே இழுபடும். கீழே அதைப் பிடித்திருக்கும் கம்பிகள் வளைந்து மடங்கும், மட்கார்டு சுருண்டு ஃபோர்க் தலையடியில் அடைத்துக்கொள்ளும். சக்கரம் சட்டென்று நிற்க, ஓட்டுபவர் ஹேண்டில்பாருக்கு மேலே பறப்பார். இதற்காகத்தான் முன்பக்கக் கம்பிகளின் முனையில், அளவுக்கு மீறி இழுத்தால் தானாகக் கழன்றுவிடும் பிளாஸ்டிக் கிளிப்கள் வருகின்றன. கம்பி கழன்றால் மட்கார்டு டயரைவிட்டு விலகிவிடும்.

இந்தக் கிளிப் அடிக்கடி கழல்கிறது என்று கேபிள் டை போட்டு இறுக்கிக் கட்டுபவர்கள் உண்டு. பாதுகாப்புக்கென்று இருந்த ஒரே வழியை அது அடைத்துவிடும். கிளிப் காரணமில்லாமல் கழன்றால் கம்பியின் நீளம் சரியில்லை, ஏதோ ஒரு பக்கம் விறைப்பாக இழுக்கிறது என்று பொருள். நீளத்தைத் திருத்துங்கள். மண் காய்ந்து கிளிப்புக்குள் இறுகினாலும் அது வேலை செய்யாது. அவ்வப்போது கையால் இழுத்து, கழல்கிறதா என்று பாருங்கள். கிளிப் இல்லாமல் போல்ட் மட்டும் போட்ட முன்மட்கார்டோடு குச்சிகள் கிடக்கும் காட்டுப்பாதைக்குப் போகவே கூடாது என்பது எங்கள் கருத்து.

மெதுவாகத் திரும்பும்போது ஷூ நுனி மட்கார்டில் இடிப்பதும் முன்பக்கத் தொல்லைதான். வழக்கமாக அணியும் ஷூவோடு பெடலில் கால் வைத்து, பெடலை முன்னால் கிடையாக நிறுத்தி, ஹேண்டிலை இரு பக்கமும் திருப்பிப் பாருங்கள். வேகத்தில் இது தெரியாது. ஏற்றத்தில் தடுமாறும்போதுதான் தெரியும்.

மட்கார்டின் அடியில் தொங்கும் ரப்பர் மடல் சாலையில் காலையும் செயினையும் காக்கும். மண்பாதையில் அது கல்லிலும் படியிலும் உரசி மட்கார்டையே சக்கரத்துக்குள் இழுக்கக் கூடும். வளையக்கூடிய மெல்லிய ரப்பராக இருக்கட்டும்; தரையிலிருந்து ஒரு சாண் உயரமாவது விட்டு வெட்டுங்கள். கடினமான பிளாஸ்டிக் மடல் வேண்டாம்.

பொருத்தும்போது மட்கார்டை வலிந்து வளைத்து ஓட்டைக்குள் இழுத்து இறுக்காதீர்கள். விறைப்பாக நிற்கும் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் மேடுபள்ளத்து அதிர்வில் போல்ட் ஓட்டையைச் சுற்றியே விரிசல் விடும். இடைவெளி விட்ட இடத்தில் ஸ்பேசர் (இடத்தை நிரப்பும் சிறு வளையம்) வையுங்கள், உலோகம் உரசும் இடத்தில் ரப்பர் அல்லது தோல் வாஷர் போடுங்கள். பெரும்பாலும் எம்5, அதாவது 5 மி.மீ. போல்ட்தான். நீல நிற லாக்டைட் (போல்ட் இளகாமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு விட்டால் இளகாது. சிவப்பு வேண்டாம், பிறகு கழற்றுவது பெரும்பாடு. முதல் 50 கி.மீ. ஓட்டியதும் எல்லாவற்றையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். மிச்சமாக நீட்டும் கம்பியை வெட்டி, முனையில் மூடி போடாவிட்டால் கெண்டைக்காலைக் கீறும்.

கார்பன் ஃபோர்க்கில் மட்கார்டுக்கான ஓட்டை இல்லையென்றால், உலோகக் கவ்வியை இறுக்கி மாட்டாதீர்கள், கார்பன் நசுங்கும். பட்டை போட்டுக் கட்டும் வகையிலும், அடியில் ஒளி ஊடுருவும் பாதுகாப்பு டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். இல்லையேல் பட்டைக்குள் புகுந்த மணல் பெயின்டை அரைத்துவிடும். அதிர்வைத் தாங்க அமுங்கி எழும் சஸ்பென்ஷன் ஃபோர்க்கில், சக்கரத்தோடு சேர்ந்து நகரும் கீழ்ப்பாகத்தில் மட்டுமே மட்கார்டைக் கட்ட வேண்டும். முழுவதும் அமுங்கும்போது எதிலும் இடிக்காமல் இருக்கிறதா என்று, காற்று ஃபோர்க்கானால் காற்றை இறக்கிவிட்டு அமுக்கிப் பாருங்கள்.

எவ்வளவு இடைவெளி விட்டாலும் ஒட்டும் களிமண்ணுக்கு அது போதாது. மணலும் சரளையும் உதிர்ந்துவிடும், களி அடுக்கடுக்காக ஏறும். அப்படிப்பட்ட பாதைக்கு முழு மட்கார்டைக் கழற்றிவிட்டு, சீட் கம்பியில் மாட்டும் குட்டை மட்கார்டோடு போவதே மேல். அது காலையும் செயினையும் காக்காது, முதுகை மட்டும் காக்கும். சக்கரமாவது தடையின்றி உருளும். சீட் உயரத்தை இறக்கும் போஸ்ட் இருந்தால், முழுக்க இறக்கியபோது அந்தக் குட்டை மட்கார்டு டயரைத் தொடாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கழுவும்போது மட்கார்டின் உள்பக்கத்தையும் கழுவுங்கள். காய்ந்த மண் இடைவெளியை மெல்ல மெல்லத் தின்றுவிடும். புதிதாக லொடலொட சத்தம் கேட்டால் போல்ட் ஓட்டைகளைச் சுற்றிக் கீறல் இருக்கிறதா என்று தேடுங்கள். பின்மட்கார்டில் சின்னக் கீறல் என்றால், அதன் முனையில் 3 மி.மீ. துளையிட்டால் கொஞ்ச நாள் பரவாமல் நிற்கும். முன்மட்கார்டில் கீறல் கண்டால் அன்றே கழற்றிவிடுங்கள்.