புனலூரில் ஆர்எக்ஸ் 100 பார்க்கப் போகிறீர்களா?

செங்கோட்டை, புளியரைப் பக்கம் இருப்பவர்களுக்கு கேரளத்தின் புனலூர் பதிவான கேஎல்-25 நம்பரில் நல்ல பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 கண்ணில் பட்டால் கை நிற்காது. எனக்கும் பள்ளி நாளிலிருந்தே அந்த ஆசை உண்டு. இந்தியாவில் அந்த வண்டியின் தயாரிப்பு 1996-லேயே நின்றுவிட்டது. அதனால் இன்று கிடைப்பதெல்லாம் பழையதுதான்.

போனதும் முதலில் இன்ஜின் பக்கம் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். சூடாக இருந்தால், ஒரு சாயா குடித்துவிட்டு ஆறும்வரை காத்திருங்கள். ஆறிய இன்ஜினை உங்கள் காலால் உதைத்துக் கிளப்பினால்தான் அதன் உண்மையான நிலை தெரியும். பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்து எரியும் டூ ஸ்ட்ரோக் இன்ஜின் என்பதால் தொடக்கத்தில் புகை வருவது இயல்பு. நன்றாகச் சூடேறிய பிறகும் அடர்ந்த வெள்ளைப் புகை நிற்கவில்லையென்றால் ஆயில் கசியாமல் தடுக்கும் கிராங்க் ஆயில் சீல் போயிருக்கலாம். அந்த வேலைக்கு இன்ஜினைப் பிரிக்க வேண்டும், செலவு அதிகம்.

அப்புறம் காகிதம். இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். 15 வருடம் முடிந்த வண்டிக்கு ஆர்.சி. (பதிவுச் சான்று) 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட்டிருக்க வேண்டும். இன்ஜின் நம்பரையும் சேசிஸ் நம்பரையும் ஆர்.சி.யோடு நீங்களே ஒத்துப் பாருங்கள். படிவம் 28-இல் தடையில்லாச் சான்று, உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 ஆகியவற்றில் விற்பவர் கையெழுத்து, இவை கைக்கு வரும்வரை முழுப் பணத்தையும் கொடுத்துவிடாதீர்கள். வண்டியைத் தென்காசிப் பதிவுக்கு மாற்றி டிஎன்-76 நம்பர் வாங்கும்போது தமிழ்நாட்டில் சாலை வரியும் கட்ட வேண்டியிருக்கும். விலை பேசும்போதே அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.