ஹோட்டல் மேனேஜ்மென்ட் படிக்கப் போகும் இருமொழி மாணவருக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதுவது எப்படி?

பொறியியலுக்கு எழுதிவைத்த பழைய கடிதத்தில் பாடப்பெயரை மட்டும் மாற்றி அனுப்புகிற வழக்கம் இந்தப் படிப்புக்கு எடுபடாது. மதிப்பெண்கள் சான்றிதழிலேயே இருக்கின்றன. முன்பின் தெரியாதவரிடம் இந்த மாணவர் எப்படிப் பேசுவார், நாலு வேலை ஒன்றாக வந்து விழுந்தால் எதை முதலில் எடுப்பார் என்பதெல்லாம் அதில் இருக்காது. விருந்தோம்பல் மேலாண்மைத் துறை உங்களிடம் கேட்பது அதைத்தான்.

1. கடிதம் எங்கே போகிறது?

எழுத உட்காரும் முன் விண்ணப்பத் தளத்தைத் திறந்து பாருங்கள். பிரிட்டனில் பல்கலைக்கழக விண்ணப்பங்களைப் பெறும் யூகாஸ் அமைப்பு 2024 சேர்க்கையிலிருந்து பரிந்துரையை மூன்று பகுதிகளாகப் பிரித்துவிட்டது: பள்ளியைப் பற்றி, படிப்பைப் பாதித்த சூழல் ஏதும் இருந்தால் அது, பிறகு மாணவரைப் பற்றி. எந்தெந்தப் பாடம் எந்த மொழியில் நடக்கிறது என்ற விவரத்தை முதல் பகுதியிலேயே போட்டுவிடுங்கள். மூன்றாம் பகுதி முழுக்க மாணவருக்கே மிஞ்சும். தனிக் கடிதம் கேட்கும் இடங்களுக்கு ஒரு பக்கம், 400 முதல் 500 சொல் போதும்.

2. மாணவரிடம் வாங்க வேண்டியவை

மதிப்பெண் பட்டியல், மொழித் தேர்வுச் சான்றிதழ்கள், விண்ணப்பிக்கும் படிப்பின் பெயர், கடைசித் தேதி. இவற்றோடு, ஆட்களோடு பழகிச் செய்த மூன்று வேலைகளை வேலைக்கு நாலு வரியாக எழுதித் தரச் சொல்லுங்கள். ‘உன் நல்ல குணங்களை எழுது’ என்று கேட்டால் எல்லாரும் ஒரே பட்டியலைத்தான் தருவார்கள்.

3. இருமொழிப் பத்தி

பெரும்பாலான கடிதங்கள் சறுக்குவது இங்கேதான். ‘இரு மொழிகளிலும் சரளமாகப் பேசுவார்’ என்ற வரியைச் சேர்க்கைக் குழு நாள்தோறும் பார்க்கிறது. அதை மூன்றாக உடைத்து எழுதுங்கள்.

முதலில், எதை எந்த மொழியில் படித்தார். ‘பொருளியலும் வரலாறும் ஆங்கிலத்தில், அறிவியலும் கணிதமும் தாய்மொழியில்’ என்று எழுதினால் படிப்பவருக்கு உடனே பிடிபடும்.

அடுத்து, தரம். ஐரோப்பிய மொழித்தர அளவுகோலில் ஏ1 முதல் சி2 வரை ஆறு நிலைகள் உண்டு. தேர்வு எழுதியிருந்தால் மட்டுமே நிலையைக் குறிப்பிடுங்கள். உங்கள் கணிப்பில் ‘சி1 இருக்கும்’ என்று போட வேண்டாம். தேர்வு இல்லையென்றால், பேச்சையும் எழுத்தையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். வீட்டு மொழியில் மணிக்கணக்காகப் பேசுபவர் அதே மொழியில் அலுவல் மின்னஞ்சல் எழுதத் திணறலாம். மாணவர் ஐ.பி. (இன்டர்நேஷனல் பாக்கலோரியேட் என்ற சர்வதேசப் பள்ளித் திட்டம்) இருமொழி டிப்ளமா பெற்றவர் என்றால் அந்தப் பெயரை அப்படியே எழுதுங்கள்.

மூன்றாவதுதான் உயிர்: அந்த மொழிகளை வைத்து யாருக்கு என்ன செய்தார்.

சப்பையான வரி: ‘பெற்றோர் கூட்டங்களில் மொழிபெயர்த்து உதவினார்.’

நிற்கிற வரி: ‘கட்டணம் குறித்துக் கோபத்தோடு வந்த பெற்றோர் ஒருவரின் புகாரை, அதன் காரம் மட்டும் குறைத்து, உள்ளடக்கம் மாறாமல் அலுவலருக்குச் சொன்னார், பதிலையும் அவ்வாறே திருப்பிச் சொன்னார். கூட்டம் முடிந்ததும் அந்தப் பெற்றோரைத் தேடிப்போய், எல்லாம் விளங்கியதா என்று கேட்டார்.’

ஹோட்டலின் வரவேற்புப் பகுதியான ஃப்ரண்ட் ஆபீஸில் நிற்பவரின் அன்றாட வேலையே இதுதான் என்பதால், படிக்கும் பேராசிரியர் வேறு விளக்கம் கேட்க மாட்டார்.

‘இரண்டாம் மொழியாக இருந்தாலும் நன்றாகவே எழுதுகிறார்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பாராட்டாக நினைத்து எழுதுவது, குறையை மன்னிக்கச் சொல்வதுபோல் போய் நிற்கும்.

4. சிரித்த முகம் போதாது

இது சமையல் பயிற்சி இல்லை, நிர்வாகப் படிப்பு. கணக்கியல், விலை நிர்ணயம், சந்தைப்படுத்தல், ஆள் நிர்வாகம் எல்லாம் வரும். 1922இல் தொடங்கிய, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஹோட்டல் பள்ளி இன்று அப்பல்கலைக்கழகத்தின் வணிகக் கல்லூரிக்குள்தான் இருக்கிறது. ஆகவே எண் சார்ந்த சான்று ஒன்றாவது வேண்டும்: விழாவின் வரவுசெலவைப் பார்த்தது, எத்தனை பேர் வருவார்கள் என்று கணித்து ஆர்டர் கொடுத்தது, மிச்சமானதற்குக் கணக்கு ஒப்படைத்தது. தொகை, ஆள் எண்ணிக்கை தெரிந்தால் எழுதுங்கள்; தெரியாவிட்டால் ஊகிக்காதீர்கள்.

5. அனுப்பும் முன்

பள்ளியின் லெட்டர்ஹெட், தேதி, பதவி, எத்தனை ஆண்டாக எந்தப் பாடத்தில் மாணவரைத் தெரியும், பள்ளி மின்னஞ்சல், கையெழுத்து. கூகுள் டாக்ஸ் தாராளமாகப் போதும். பூப்போட்ட டெம்ப்ளேட்டுகள் வேண்டாம். கோப்பை நேரடியாக பிடிஎஃப் ஆக்குங்கள், போனில் படம்பிடித்து அனுப்பாதீர்கள். கண்ட்ரோல் எஃப் அழுத்தி, பழைய மாணவரின் பெயரும் வேறு பல்கலைக்கழகத்தின் பெயரும் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தேடிவிடுங்கள். இந்த ஒரு பிழைக்கு மன்னிப்பே கிடையாது.

பின்சேர்க்கை: அடிக்கடி வரும் சிக்கல்கள்

மதிப்பெண்ணை வேறு நாட்டு முறைக்கு நீங்களாக மாற்றாதீர்கள். பள்ளியின் அளவுகோலை ஒரு வரியில் விளக்கி, உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

மாணவரே எழுதிக் கொண்டுவந்து கையெழுத்துக் கேட்டால், அதைக் குறிப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய விண்ணப்பக் கட்டுரையும் உங்கள் கடிதமும் ஒரே நடையில் இருந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

குடும்பத்தார் நடத்தும் விடுதியில் வேலை பார்த்த மாணவருக்கு அந்த உறவினரே பரிந்துரைக்கக் கூடாது. யூகாஸ் உறவினர் பரிந்துரையை ஏற்பதில்லை. அந்த அனுபவம் மாணவரின் சொந்தக் கட்டுரைக்குப் போகட்டும். நீங்கள் நேரில் பார்த்ததை மட்டும் எழுதுங்கள்.